"என்னைப் போக விடு"

உலகெங்கும் வாழும் எம் பழைய மாணவிகளே,

எம்முள் வைத்தியர்களும் தாதியரும் பலர். "பிள்ளை, என்னைப் போக விடு" என்று குணமாகாத நோயாளர் கையைப் பிடித்துக் கேட்பதை நாம் கண்டிருக்கிறோம். இலங்கையில் அதற்கு உதவுவது குற்றம். எம்மவர் பணிபுரியும் கனடாவில் 2016 முதலும், அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 2019 முதலும் சட்டம் அனுமதிக்கிறது. கனடாவில் மரணம் அண்மித்தோருக்கே என்றிருந்த எல்லை 2021இல் விரிந்தது. அந்த விரிவுதான் எம்மை அச்சப்படுத்துகிறது.

"ஒருத்தருக்கும் பாரமாய் இருக்க மாட்டன்" என்று எங்கள் அம்மாமார் சொல்வது விருப்பமா, வெட்கமா? அதைப் பிரித்தறிய எந்தப் படிவமும் போதாது. ஆயினும் நோவில் துடிப்பவருக்குப் பொறுமையைப் போதிக்கவும் எமக்கு உரிமையில்லை.

நோவு தணிக்க அளவறிந்து மோர்பின் கொடுப்பது கொலையன்று. பயனற்ற சிகிச்சையை நோயாளர் மறுப்பது தற்கொலையன்று. இவற்றையேனும் முழுமையாகச் செய்கிறோமா? நோவு தணிக்கும் பராமரிப்பு மகரகம, தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைகளின் வாசலோடு நில்லாமல், கிராமத்து வீட்டுக் கட்டில்வரை செல்லவேண்டும். அதன் பின்பே மற்றக் கேள்விக்கு நேர்மையாக விடை தேடலாம். அதுவரை, கேட்பவரின் கையை விடாதிருப்போம்.