வடம் இழுப்போர் மனோநிலை

(செவிலிமேட்டு நெசவாளர் கூட்டுறவு அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



ஊர் கூடித் தேர் இழுக்கவேண்டும் என்பது தமிழ்நாட்டு வழக்கு. பலர் கூடினால் பலம் பெருகும் என்பது மெய்யே. ஆயினும், எட்டுப் பேர் வடம் பிடித்தால் எட்டுப் பேருடைய முழுப் பலமும் அதில் ஏறுகின்றதா? ஓடுதல், ஆடுதல், இழுத்தல் முதலியவற்றில் மனம் தேகத்தை எங்ஙனம் ஊக்குகின்றது, எங்ஙனம் தளர்விக்கின்றது என்று ஆராயும் விளையாட்டு மனோதத்துவ சாஸ்திரம் இக்கேள்விக்கு விடை கூறுகின்றது.

பிரெஞ்சு தேசத்து விவசாயப் பொறியியற் பேராசிரியர் ரிங்கெல்மன் என்பார் ஆட்களைக் கயிறு இழுக்கச் செய்து அளந்து, 1913-ஆம் ஆண்டில் அதன் பலனை வெளியிட்டார். ஒருவர் தனியே இழுக்கும் பலத்தை 100 என்று கொண்டால், இருவர் சேர்ந்தபோது ஆளொன்றுக்கு 93, மூவர் சேர்ந்தபோது 85, எண்மர் சேர்ந்தபோது 49 என்று அது குறைந்தது.

அனைவரும் ஒரே கணத்தில் இழுக்காமை இதற்கு ஒரு காரணம். மற்றொரு காரணம் மனத்திலுள்ளது. 1974-இல் அமெரிக்காவில் ஒருவரைக் கண்கட்டிக் கயிற்றின் முன்னிடத்தில் நிறுத்தினர். பின்னால் பலர் இழுப்பதாக அவர் நம்பினார்; உண்மையில் அவர் ஒருவரே இழுத்தார். அப்போதும் அவருடைய பலம் குறைந்தது. இதனை வெறும் சோம்பல் என்று பழித்தல் முறையன்று. தன் பங்கு தனியே புலப்படாத இடத்தில், ஒருவன் அறியாமலே அவன் கை தளர்கின்றது.

பரிகாரமும் கண்டறியப்பட்டுள்ளது. நால்வர் ஒருவர்பின் ஒருவராக நீந்தும் அஞ்சற் பந்தயத்தில், ஒவ்வொருவர் நேரத்தையும் உரக்க அறிவித்தபோது அவர்கள் தனியே நீந்தியதைவிட விரைவாக நீந்தினர். அறிவியாதபோது மெதுவாக நீந்தினர். இது 1989-இல் வெளிவந்த ஆராய்ச்சி.

காஞ்சீபுரத்து நெசவாளருக்கு இவ்வுண்மை புதிதன்று. கோர்வைச் சேலையை இருவர் அமர்ந்து நெய்கின்றனர். துணையாள் கரை நாடாவைத் தவறாக எறிந்தால், உடலும் கரையும் சேருமிடத்தில் அப்பிழை உடனே தோன்றிவிடும். ஒவ்வொருவர் கையும் துணியில் தெரிதலால், இருவரும் கருத்தாக உழைக்கின்றனர்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. 1898-இல் டிரிப்லெட் என்பார் சிறுவர்களைத் தூண்டில் நூற்சக்கரம் சுற்றச் செய்தார். போட்டியில் பலர் விரைந்து சுற்றினர். சிலரோ பதற்றங்கொண்டு முன்னிலும் பின்தங்கினர். ஆகவே, பங்கை வெளிப்படுத்துதல் வேறு. பலர் முன் நாணச் செய்தல் வேறு. ஒருவருடைய இன்றைய அளவை அவருடைய நேற்றைய அளவோடு ஒப்பிடுதலே நலம்.

குழித்தறியில் நாள் முழுதும் அமர்வோருக்கு இடுப்பும் முதுகும் பிடித்துக்கொள்ளுதல் சகஜம். வயது வந்தோர் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிஷமேனும் மிதமான தேகாப்பியாசம் செய்யவேண்டுமென்று உலகச் சுகாதார ஸ்தாபனம் 2020-இல் கூறிற்று. அஃதாவது, வாரத்தில் ஐந்து நாள், நாளொன்றுக்கு அரைமணி விரைந்த நடை. ஐம்பது பேர் கூட்டமாகத் தொடங்கினால், இருவர் வாராமை எவருக்கும் தெரியாது. பின்னர் இருபதின்மர் வாரார். மூவர் அல்லது நால்வர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரிந்து, அவரவர் நடந்த நிமிஷங்களை ஒரு நோட்டில் அவரவரே எழுதிவருதல் எளிய உபாயம். ஊர் வாலிபர்களின் சடுகுடுக் கட்சியிலும், பாடிச் சென்று புள்ளி பெற்றவனை மட்டும் புகழாமல், காலைப் பற்றி நிறுத்தியவனையும் பெயர் சொல்லிப் பாராட்டல் வேண்டும்.

கூட்டுறவுச் சங்கமும் ஒரு வடமே. 'பிறர் பார்த்துக்கொள்வர்' என்று ஒவ்வோர் அங்கத்தினரும் எண்ணும் நாளில், பெயர்ப் பதிவேடு நீண்டிருந்தும் பலம் பாதியாகும். ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பை வகுத்து, அது நிறைவேறியதை மகாசபையில் பெயரோடு கூறினால், தளர்ந்த கை இறுகும். நின்ற தேரும் நகரும்.