பச்சைத் திரைக்குச் சமமான வெளிச்சம்: குறைந்த செலவில் நாமே செய்யலாம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், வீடியோ குழு உறுப்பினர்களிடம் பேசியது)



முருங்கைப்பொடி செய்யும் குழுவுக்காக நாம் எடுத்த வீடியோவை எல்லோரும் பார்த்தீங்க. அக்கா கையில் இருந்த பச்சை பாக்கெட்டையே காணோம், தோள்பட்டையும் பாதி கரைஞ்சு போச்சு. நாம் சிரிச்சோம். ஆனால் விற்பனைக் கண்காட்சிக்கு அந்த வீடியோவைத்தான் அந்தக் குழு நம்பியிருந்தது. தவறு அக்காவுடையது அல்ல, துணியும் விளக்கும் வைத்த நம்முடையது.

பச்சைத் துணிக்கு முன்னால் நின்று பேசினால், கம்ப்யூட்டர் அந்தப் பச்சையை மட்டும் நீக்கிவிட்டு, அங்கே தோட்டத்தையோ களத்தையோ வைக்கும். மனிதத் தோலின் நிறத்துக்கும் பச்சைக்கும் வித்தியாசம் அதிகம். அதனால்தான் பச்சைத் துணி. துணி ஓரிடத்தில் வெளுத்தும் ஓரிடத்தில் இருண்டும் இருந்தால், கம்ப்யூட்டருக்கு அது இரண்டு நிறம். ஆகவே நமக்குத் தேவை அதிக வெளிச்சம் இல்லீங்க, சமமான வெளிச்சம்.

ஸ்டுடியோ விளக்குகளுக்கு விலை கேட்டோம். உள்கடனுக்காகச் சகோதரிகள் காத்திருக்கும்போது அவ்வளவு பணத்தை எடுக்க மனசு வரலை. துணி, விளக்கு, ஒயர் எல்லாம் சேர்த்து ரூ.3,000-க்குள் முடித்தோம். எப்படி என்று சொல்கிறோம்.

முதலில் துணி. மினுமினுப்பு இல்லாத பருத்தித் துணி, ஒரே சாயமாக இருக்கணும். இஸ்திரி போட்டு, நாலு பக்கமும் இழுத்துக் கட்டுங்க. ஒவ்வொரு சுருக்கமும் ஒரு நிழல்.

இரண்டாவது, துணிக்கான விளக்கு. 4 அடி நீள 20 வாட் எல்.இ.டி. டியூப் லைட் நான்கு. ஒரே கம்பெனி, ஒரே நிற வெளிச்சம். மஞ்சளும் வெள்ளையும் கலக்கக் கூடாது. பக்கத்துக்கு இரண்டாக மூங்கிலில் நிமிர்த்திக் கட்டி, துணியிலிருந்து 3, 4 அடி தள்ளி நிறுத்துங்க. இடது பக்க விளக்கு துணியின் வலது பாதியையும், வலது பக்க விளக்கு இடது பாதியையும் பார்க்கட்டும். ரொம்பக் கிட்ட வைத்தால் ஓரம் வெளுத்து நடு இருண்டுவிடும். ஒயர் இணைப்பை எலெக்ட்ரீஷியனிடமே கொடுங்க.

மூன்றாவது, பேசுபவர். துணியிலிருந்து 6 அடியாவது முன்னால் நிற்கணும். கிட்ட நின்றால் நிழல் விழும், துணியின் பச்சைச் சாயல் தோளிலும் முடியிலும் ஏறும். அக்காவின் தோள் கரைந்தது இதனால்தான். அவருக்குத் தனியாக ஒரு டியூப் லைட், அதன் முன்னால் கொஞ்சம் தள்ளி ஒரு வெள்ளை வேட்டித் துணி. மறுபக்கம் வெள்ளைச் சார்ட் ஒட்டிய அட்டை. முகம் தெளிவாகத் தெரிந்தால் போதும். கறுத்த முகத்தை வெளுக்க வைக்கிறது நம்ம வேலை இல்லை, பவுடர் பூசச் சொல்லவும் வேண்டாம்.

ஜன்னலை மூடிடுங்க. மேகம் வந்து போனால் வெளிச்சம் மாறும்.

எல்லாம் சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கு. வெறும் துணியைச் செல்போனில் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்க. முழுவதும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தால் சமம். எங்கே கறுப்பாகத் தெரியுதோ, அங்கே விளக்கைத் திருப்புங்க.

கடைசியாக, முருங்கை, வெற்றிலை, பச்சைச் சேலை எதுவானாலும் பச்சைத் துணியில் மறைந்துவிடும். அதற்கு நீலத் துணி கட்டணும். நாமும் நீலத் துணி கட்டி மறுபடி எடுத்தோம். பாக்கெட் பளிச்சென்று தெரியுது. அடுத்த கண்காட்சிக்கு அந்த வீடியோ போகிறது.

இது படிச்சவங்க வேலை என்று ஒதுங்காதீங்க. 1984இல் அகமதாபாத்தில் சேவா அமைப்பின் பெண்கள் வீடியோ எடுக்கக் கற்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அதில் இருந்தார்கள். அவர்களால் முடிந்தது நம்மாலும் முடியும்.