பூட்டைத் திறந்து பழகுவது தவறா?



சாவி இல்லாமல் பூட்டைத் திறப்பது யார் வேலை என்று கேட்டால், திருடன் வேலை என்றே பலரும் சட்டென்று சொல்வார்கள். சாவி தொலைந்தபோது அழைக்கப்படும் பூட்டுத் தொழிலாளி சிலருக்கு நினைவுக்கு வரலாம். இந்த இருவரிலும் சேராத இன்னொரு கூட்டம் உண்டு. தாங்களே காசு கொடுத்து வாங்கிய பூட்டை, ஓய்வு நேரத்தில் மேசைமுன் அமர்ந்து மெல்லிய கம்பியால் திறந்து பார்ப்பவர்கள் அவர்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1997ஆம் ஆண்டிலேயே இதற்கென ஒரு சங்கம் தோன்றிவிட்டது.

"திருட்டுக்கு வழிகாட்டும் பழக்கத்துக்குப் பொழுதுபோக்கு என்று பெயரா?" என்று பெற்றோர் கவலைப்படுவது இயல்பு. அதற்கு விடை காணுமுன், பூட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது.

கிரில் கதவில் தொங்கும் சாதாரணப் பூட்டில், சாவி நுழையும் பகுதி ஓர் உருளை. அது சுழன்றால் பூட்டு திறக்கும். அதைச் சுழலவிடாமல் தடுப்பவை நான்கைந்து ஜோடி பித்தளைப் பின்கள். ஒவ்வொரு ஜோடியையும் ஒரு ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும். சரியான சாவி நுழைந்ததும், ஒவ்வொரு ஜோடியிலும் இரு பின்கள் சந்திக்கும் இடம் உருளையின் விளிம்போடு ஒரே கோட்டில் வந்து நிற்கும். உடனே உருளை சுழலும்.

எல்லாப் பின்களையும் துளைகளையும் மயிரிழைகூடப் பிசகாமல் செய்ய முடியாது. உருளையை இலேசாகத் திருகிப் பிடித்தால், ஒரு பின் மற்றவற்றுக்கு முன்பாக இறுகும். அதைக் கம்பியால் தூக்கினால் கோட்டில் நின்றுவிடும். பிறகு அடுத்த பின். இப்படித்தான் சாதாரணப் பூட்டு திறக்கிறது.

இதைத் தடுக்க வந்தவையே பாதுகாப்புப் பின்கள். சில உடுக்கைபோல் இடை சிறுத்திருக்கும். சில காளான் வடிவில் இருக்கும். இன்னும் சிலவற்றில் திருகாணிபோல் வரிவரியாக வெட்டு இருக்கும். உடுக்கைப் பின்னைத் தூக்கும்போது அதன் இடுப்பு விளிம்பில் மாட்டிக்கொள்கிறது. உருளையும் சற்றே சுழன்று, திறந்துவிட்டதைப் போல ஆசை காட்டுகிறது. ஆனால் பூட்டு திறப்பதில்லை. அவசரக்காரர் மேலும் அழுத்துவார், பின் மேலும் இறுகும். பழகியவரோ பிடியைத் தளர்த்தி, உருளை சற்றுப் பின்னோக்கித் திரும்ப இடம் கொடுப்பார். அப்படி விடும்போது, முன்பு சரியாக நின்ற பின்கள் சில விழுந்துவிடலாம். அவற்றை மீண்டும் முதலிலிருந்து தூக்க வேண்டும். வேகத்துக்கும் பலத்துக்கும் இங்கே வேலையில்லை. விரல் நுனியின் உணர்வும் பொறுமையுமே கைகொடுக்கும்.

இத்தனை பொறுமை திருடனுக்கு ஏது? இரும்பு வெட்டும் கருவியோ கடப்பாரையோ அவன் வேலையை நொடியில் முடித்துவிடும். ஒரு பூட்டோடு பல மாலைப் பொழுதுகள் மல்லுக்கட்ட அவன் விரும்பமாட்டான்.

ஆனாலும், பூட்டின் பலவீனத்தை வெளியே சொல்லலாமா என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. இந்த வாதம் 1851ஆம் ஆண்டிலேயே லண்டனில் நடந்தது. அங்கு நடந்த மாபெரும் கண்காட்சிக்கு அமெரிக்கப் பூட்டு ஒன்றை விற்க வந்தவர் ஆல்ஃபிரட் ஹாப்ஸ். அசைக்க முடியாதது என்று பெயரெடுத்த சப் பூட்டை அவர் சுமார் 25 நிமிடங்களில் திறந்தார். பிறகு பிராமா பூட்டுக்கு வந்தார். திறப்பவருக்கு 200 கினி பரிசு என்ற சவாலுடன் 1790 முதல் கடைச் சன்னலில் இருந்த பூட்டு அது. 16 நாள்களில் ஏறத்தாழ 51 மணி நேரம் உழைத்து அதையும் திறந்தார். ஊரே கலங்கியது. இரகசியத்தை அம்பலப்படுத்துவது ஆபத்து என்று பலர் குறை கூறினர். கள்வர்களுக்கு இவை முன்பே தெரியும், தெரியாமல் ஏமாறுபவர்கள் பூட்டை நம்பி வாங்கும் மக்களே என்பது ஹாப்ஸின் வாதம்.

அடுத்து நடந்தது சுவையானது. ஹாப்ஸ் பெருமையோடு விற்ற அமெரிக்கப் பூட்டையும் ஒருவர் திறந்து காட்டினார். அவர்தான் லைனஸ் யேல். இன்றைய பின் பூட்டுகளுக்கு மூலமான அமைப்புக்கு 1861ல் காப்புரிமை பெற்றவரும் அவரே. மற்றவர் பூட்டைத் திறக்கத் தெரிந்தவரே அதைவிட நல்ல பூட்டைச் செய்தார்.

அண்மைக் காலத்திலும் இது நடந்தது. வட்டச் சாவி கொண்ட விலையுயர்ந்த சைக்கிள் பூட்டுகளைச் சாதாரணப் பேனாக் குழாயால் திறக்கலாம் என்பது 2004ல் அமெரிக்காவில் வெளிச்சத்துக்கு வந்தது. தயாரிப்பாளர் அந்தப் பூட்டுகளை மாற்றிக்கொடுக்க முன்வந்தார். விஷயம் மறைக்கப்பட்டிருந்தால், சைக்கிளைப் பறிகொடுத்தவர்களுக்குக் காரணமே தெரிந்திருக்காது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடாது.

இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபடுவோர் கண்டிப்பாகக் காக்கும் விதிகள் இரண்டு. தனக்குச் சொந்தமில்லாத பூட்டைத் தொடக்கூடாது. சொந்தப் பூட்டே ஆனாலும், பயன்பாட்டில் இருந்தால் அதில் கைவைக்கக்கூடாது, ஏனெனில் அது பழுதாகி வீட்டுக்காரரையே வெளியே நிறுத்திவிடலாம். சட்டத்தையும் மதிக்க வேண்டும். தக்க காரணமின்றி இத்தகைய கருவிகளை வைத்திருப்பதை ஜப்பான் 2003ல் சட்டம் இயற்றித் தடை செய்தது. எனவே, கருவி வாங்குமுன் தத்தம் நாட்டுச் சட்டத்தைக் கேட்டறிவது கட்டாயம்.

பிள்ளை ஒரு பழைய பூட்டை வைத்துக்கொண்டு கம்பியோடு உட்கார்ந்திருந்தால், பெற்றோர் பதறிப் பிடுங்க வேண்டியதில்லை. அந்தப் பூட்டு யாருடையது என்று முதலில் கேட்கட்டும். விடை நேர்மையாக இருந்தால் அருகில் அமர்ந்து பார்க்கட்டும். அடுத்த முறை கடையில் பூட்டு வாங்கும்போது, விலையையும் எடையையும் மட்டும் பார்க்காமல், இதில் பாதுகாப்புப் பின் இருக்கிறதா என்று கேட்கும் விவரமாவது அந்த வீட்டுக்கு வந்து சேரும்.