அளவு தெரிந்த ஊரில் எண்பது மில்லிகிராம்



சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் ‘மருந்து’ என்றால் இரண்டு பொருள். ஒன்று மெடிக்கலில் வாங்குவது. இன்னொன்று வெடிக்குள் செலுத்துவது. எந்த மருந்தைப் பற்றிப் பேச்சு என்று அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லாமலே விளங்கிவிடும். இரண்டாவது மருந்தோடு பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு அளவு என்பது உயிர்ச் சங்கதி. ஒரு அறையில் எத்தனை பேர் உட்காரலாம், எத்தனை கிலோ மருந்து இருக்கலாம் என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு. அந்தக் கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்பதை அங்கே துக்க வீடுகளில் உட்கார்ந்து தெரிந்துகொண்டவர்கள் ஏராளம்.

அதனால், மாரடைப்பிலிருந்து மீண்ட ஒருவர் தன் சீட்டில் ‘அடோர்வாஸ்டாடின் 80’ என்று இருப்பதைப் பார்த்துப் பயப்பட்டால், அதை அறியாமை என்று நான் தள்ள மாட்டேன். “பக்கத்து வீட்டு அண்ணாச்சி பத்துதான் போடுறாரு, எனக்கு மட்டும் எதுக்கு எண்பது? கிட்னி போயிராதா?” நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டியது மருத்துவர்களான எங்கள் கடமை.

முதலில், அந்த அண்ணாச்சிக்கு மாரடைப்பு வந்ததில்லை. ரத்தத்தில் கொழுப்பு கூடியிருக்கிறது, அவ்வளவுதான். உங்களுக்கோ இதயத்துக்குப் போகும் குழாயிலேயே கொழுப்புப் படிந்து, ஒருமுறை அடைத்தும் விட்டது. அடோர்வாஸ்டாடின் போன்ற ஸ்டாடின் மாத்திரை ஈரலில் கொழுப்பு உற்பத்தியைக் குறைக்கிறது. ஈரல் தனக்குத் தேவையானதை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது. அப்படித்தான் எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பு இறங்குகிறது. குழாய்க்குள் இருக்கும் படிவும் எளிதில் வெடிக்காதபடி இறுகுகிறது.

பத்தா, எண்பதா என்பதை நேருக்கு நேர் வைத்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்று 2005-ல் வெளியானது. டி.என்.டி. என்று அதற்குப் பெயர். இதயநோய் உள்ள 10,001 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அடோர்வாஸ்டாடின் 10, மறு பாதிக்கு 80 கொடுத்து ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கவனித்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதயநோயால் சாவு போன்ற பெரிய ஆபத்துகள் பத்து மில்லிகிராம் சாப்பிட்டவர்களில் ஆயிரத்துக்கு 109 பேருக்கு வந்தன. எண்பது சாப்பிட்டவர்களில் 87 பேருக்கு. ஆயிரத்துக்கு 22 பேர் தப்பித்திருக்கிறார்கள். எல்லாக் காரணங்களாலும் ஏற்பட்ட மொத்தச் சாவில் வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இதற்குக் கொடுத்த விலை? ஈரல் பரிசோதனையில் மாறுதல் நீடித்தவர்கள் பத்தில் ஆயிரத்துக்கு 2 பேர், எண்பதில் 12 பேர். தசை வலி இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. நாம் பயப்படும் அளவுக்கு எண்பது வெடித்துவிடவில்லை.

ஆனால் ஒரு விஷயம். மாத்திரையின் அளவை எட்டு மடங்காக்கினால் பலனும் எட்டு மடங்காகிவிடாது. ஒவ்வொரு முறை இரட்டிப்பாக்கும்போதும் எல்.டி.எல். கூடுதலாக ஆறு சதவீத அளவுக்கே இறங்கும். பெரும் பகுதி வேலையை முதல் பத்து மில்லிகிராமே செய்துவிடுகிறது. உடல்வாகும் பார்க்க வேண்டும். ரோசுவாஸ்டாடின் என்ற அண்ணன் தம்பி மாத்திரை ஒன்று உண்டு. அதைச் சிங்கப்பூரில் சோதித்தபோது, ஒரே அளவு கொடுத்தும் சீனர், மலாய்க்காரர், இந்திய வம்சாவளியினர் மூவரின் ரத்தத்திலும் வெள்ளையரைவிடக் கூடுதலாகத் தங்கியது. வயது முதிர்ந்தவர், மெலிந்த உடம்புக்காரர், சிறுநீரகம் தளர்ந்தவர் ஆகியோருக்குக் குறைந்த அளவில் தொடங்குவதும் இப்படி உடல்வாகு பார்த்துத்தான்.

அப்படிப்பட்டவர்களுக்கு வேறு வழி உண்டு. கொரியாவில் 3,780 பேரிடம் நடந்து 2022-ல் வெளியான ஆய்வில், ரோசுவாஸ்டாடின் 20 ஒரு பக்கம். அதில் பாதியோடு, குடலில் கொழுப்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எசெடிமைப் 10 சேர்த்தது மறு பக்கம். மூன்று ஆண்டுகளில் ஆபத்துகள் 9.9 சதவீதமும் 9.1 சதவீதமும். கூட்டு மாத்திரை சளைக்கவில்லை. தாங்காமல் நிறுத்தியவர்களும் அளவைக் குறைத்தவர்களும் அந்தப் பக்கம்தான் குறைவு.

என் வழக்கம் இதுதான். மாரடைப்பு வந்தவருக்கு உயர்ந்த அளவில் தொடங்குவேன். உடம்பு ஒத்துக்கொள்ளாவிட்டால் குறைத்து, எசெடிமைப் சேர்ப்பேன். நம் மாநிலத்தில் 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டமும் அந்த உயர்ந்த அளவிலேயே தொடங்குகிறது. நெஞ்சுவலியோடு துணை சுகாதார நிலையத்துக்கு வருகிறவருக்கு, மாரடைப்பு என்று சந்தேகம் இருந்தால், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் 14 மாத்திரைகள் கொடுக்கிறார்கள். ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோக்ரெல் நான்கு. மீதி எட்டும் அடோர்வாஸ்டாடின், ஒவ்வொன்றும் பத்து மில்லிகிராம். அதே எண்பதுதான்.

என்னை வருத்துவது பத்து, எண்பது தகராறு அல்ல. இந்தியாவையும் சேர்த்து நடந்த ‘ப்யூர்’ ஆய்வு 2011-ல் சொன்னதைக் கேளுங்கள். வருமானம் குறைந்த நாடுகளில், இதயநோயோ பக்கவாதமோ வந்தவர்களில் ஸ்டாடின் சாப்பிட்டவர்கள் நூற்றுக்கு மூன்று பேரைச் சற்றே தாண்டியிருந்தார்கள். சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பி நடக்கும் குடும்பத்தில், தீபாவளிக்குப் பிறகு பட்டாசு ஆலை ஓய்ந்திருக்கும் வாரங்களில், “இப்பத்தான் நல்லா இருக்கேனே” என்று முதலில் நிறுத்தப்படுவது இந்த மாத்திரைதான். கொழுப்பு ஏறுவது வலிக்காது. அரசு மருத்துவமனையில் இது இலவசம் என்பதை வீட்டில் உள்ள பெண்களும் பிள்ளைகளும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

தொடங்கிய ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் எல்.டி.எல். பார்க்கச் சொல்லுங்கள். மாரடைப்பு வந்தவருக்கு அது 55-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது இன்றைய இலக்கு. தொடையிலும் தோளிலும் தாங்க முடியாத வலியோடு சிறுநீர் காப்பி நிறத்தில் போனால், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். அது மிக அரிது. சாதாரண உளைச்சல் என்றால் நீங்களாக மாத்திரையைப் பாதியாக உடைக்க வேண்டாம். “டாக்டர், எண்பது எனக்கு ஒத்துக்கலை, மாத்திக் கொடுங்க” என்று நேரே கேளுங்கள். சீட்டை மாற்றி எழுத ஒரு நிமிடம் போதும்.