வயோமிங்: ஆளில்லாத வெளிக்கு விலை கொடுப்பவர்கள்



அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களில் மக்கள்தொகை மிகக் குறைந்தது வயோமிங். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்பவர்கள் 5,76,851 பேர். பரப்பளவோ ஏறத்தாழ 2,53,000 சதுர கிலோமீட்டர். பிரிட்டன் முழுவதையும்விடச் சற்றுப் பெரியது. இந்த மாநிலத்தைப் பற்றிக் கருத்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கிறார்கள். தெற்கே 80-ஆம் எண் நெடுஞ்சாலையில் காரோட்டிக் கடந்தவர்கள், மணிக்கணக்காகப் புதரையும் காற்றையும் தவிர அங்கே ஒன்றுமே இல்லை என்கிறார்கள். வடமேற்கு மூலையில் யெல்லோஸ்டோன் பூங்காவையும் டீட்டன் மலைகளையும் பார்த்துவிட்டு வந்தவர்கள், வாழ்ந்தால் அங்கே போய் வாழ வேண்டும் என்கிறார்கள். இரு சாராரும் ஆள் குறைவை அந்த மண்ணின் பிறவிக் குணமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவருக்கு அது குறை, மற்றவருக்கு அது நிறை. என் கருத்து வேறு. அந்த ஆள் குறைவில் வானிலைக்குப் பங்கு உண்டு. சட்டத்துக்கும் அரசாங்கத்துக்கும் அதைவிடப் பெரிய பங்கு உண்டு. அதற்கு இன்றைக்கும் ஒரு விலை கொடுக்கப்பட்டுவருகிறது. யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்காமல் சொல்லப்படும் புகழ்ச்சியிலும் இகழ்ச்சியிலும் எனக்கு நம்பிக்கை இல்லை.

முதலில் வானிலையின் பங்கைச் சொல்லிவிடுகிறேன். வயோமிங்கின் சராசரி உயரம் கடல்மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டர். கோடை குறுகியது, மழை சொற்பம். ஜான் வெஸ்லி பவல் 1869 மே மாதத்தில் கிரீன் ரிவர் என்ற ஊரிலிருந்து படகுகளில் புறப்பட்டு கொலராடோ ஆற்றின் பெரும்பள்ளத்தாக்கைக் கடந்தவர். அவர் 1878-இல் அமெரிக்க அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். கிழக்கே 160 ஏக்கர் ஒரு குடும்பத்துக்குப் போதும். இந்த வறண்ட மேற்கில் மேய்ச்சலை நம்பி வாழ்பவருக்கு 2,560 ஏக்கராவது வேண்டும் என்பது அவருடைய கணக்கு. அரசு அதை ஏற்கவில்லை. 1862-இன் குடியேற்றச் சட்டம் கொடுத்த 160 ஏக்கரை நம்பி வந்தவர்கள் பலர் நிலத்தைப் போட்டுவிட்டுப் போனார்கள். ஆகவே அங்கே கோடிக்கணக்கானோர் வாழவில்லையே என்று யாரும் வருந்த வேண்டியதில்லை. அந்த மண் தாங்கக்கூடியது சிலரைத்தான் என்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்தச் சிலர் யார் என்பதை மழை முடிவு செய்யவில்லை. யெல்லோஸ்டோன் 1872-இல் உலகின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது, மனிதர் கால்படாத காடு என்ற எண்ணம் பரப்பப்பட்டது. அங்கேயுள்ள அப்சிடியன் என்ற எரிமலைக் கண்ணாடிக் கல்லில் செய்த கருவிகள், இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒஹாயோ மாநிலத்தின் பழைய புதைமேடுகளில் கிடைத்திருக்கின்றன. அவ்வளவு நீண்ட காலம், அவ்வளவு தூரம் மனிதர் புழங்கிய இடம் அது. 1863-இல் ஷோஷோனி மக்களுடன் செய்த உடன்படிக்கை அவர்களுக்கு 4 கோடியே 40 லட்சம் ஏக்கர் உரியதென்று ஒப்புக்கொண்டது. ஐந்தே ஆண்டுகளில், 1868-இல், இன்னோர் உடன்படிக்கை அதை ஏறத்தாழ 30 லட்சம் ஏக்கராகச் சுருக்கியது. அதுதான் விண்ட் ரிவர் ஒதுக்கீட்டு நிலம். பத்தாண்டு கழித்து, தங்களுக்கென்று நிலமே இல்லாமல் நின்ற வட அரபாஹோ மக்களையும் அங்கேயே கொண்டுவந்து சேர்த்தார்கள். பிறகு அந்த ஒதுக்கீட்டிலும் ஒரு பகுதியை வெள்ளையர் குடியேற்றத்துக்குத் திறந்துவிட்டார்கள். ரிவர்டன் நகரம் அப்படி எழுந்தது. ராக் ஸ்பிரிங்ஸ் ஊரில் 1885 செப்டம்பரில் சீனச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பைக் கொளுத்தி 28 பேரைக் கொன்ற வரலாறும் இதே மாநிலத்துக்கு உரியது. ஆளில்லாத வெளி என்று நாம் வியந்து பார்க்கும் நிலத்தில், அப்புறப்படுத்தப்பட்டவர்களின் கணக்கு இன்னும் தீர்க்கப்படாமல் கிடக்கிறது.

ஓர் இடத்துக்கு ஆளில்லாத இடம் என்று பெயர் விழுந்துவிட்டால், தங்கள் வீட்டருகே வைத்துக்கொள்ள விரும்பாததையெல்லாம் மற்றவர்கள் அங்கே கொண்டுபோய் வைப்பார்கள். 1942-இல் மேற்குக் கரையிலிருந்து வெளியேற்றப்பட்ட ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்துவைக்க, கோடி நகருக்கும் பவல் ஊருக்கும் நடுவே ஹார்ட் மவுண்டன் முகாம் கட்டப்பட்டது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் முள்வேலிக்குள் இருந்தார்கள். அந்நாளில் வயோமிங்கின் மூன்றாவது பெரிய ஊரே அந்த முகாம்தான். அணுகுண்டு ஏவுகணைகளுக்கும் இதே நியாயம் சொல்லப்பட்டது. தலைநகர் செயனில் உள்ள விமானப்படைத் தளத்தின் பொறுப்பில் 150 மினிட்மேன் ஏவுகணைகள் வயோமிங், நெப்ராஸ்கா, கொலராடோ ஆகிய மூன்று மாநிலங்களின் வயல்களுக்கும் மேய்ச்சல் நிலங்களுக்கும் அடியில் காத்திருக்கின்றன. போர் மூண்டால் எதிரி முதலில் குறிவைக்கும் இடங்களில் அவையும் அடங்கும். ஆள் குறைவு அங்கே வாழ்பவருக்கு நிம்மதி தருவது உண்மைதான். அவர்கள் மற்றவர்களுக்காக ஏற்றிருக்கும் ஆபத்தும் அதே அளவுக்கு உண்மை.

சுற்றிப் பார்க்கப் போகிறவருக்குச் சொல்ல வேண்டிய ஒன்று, அந்த வெளி தோன்றுகிற அளவுக்குத் திறந்ததன்று என்பது. மாநிலத்தின் ஏறத்தாழப் பாதி நிலம் அமெரிக்கக் கூட்டரசுக்குச் சொந்தம். அதாவது பொதுமக்களுக்குச் சொந்தம். ஆனால் இரயில் பாதை போட்ட கும்பெனிக்கு 1860-களில் மானியம் கொடுத்தபோது, பாதையின் இருபுறமும் ஒரு சதுர மைல் கும்பெனிக்கு, அடுத்த சதுர மைல் அரசுக்கு என்று சதுரங்கப் பலகையைப் போலப் பிரித்துவிட்டார்கள். கும்பெனியின் கட்டங்கள் பின்னால் பண்ணையாருக்கும் பெருஞ்செல்வருக்கும் கைமாறின. பொதுக் கட்டத்திலிருந்து இன்னொரு பொதுக் கட்டத்துக்கு, நான்கு கட்டங்கள் சந்திக்கும் மூலை வழியாகத்தான் கால்வைக்க முடியும். அப்படி வைத்தால் அத்துமீறல் என்று நில உரிமையாளர்கள் வாதாடினார்கள். 2021-இல் எல்க் மவுண்டன் அருகே வேட்டைக்கு வந்த மிசூரி மாநிலத்தவர் நால்வர், தனியார் மண்ணில் கால் படாமல் ஏணி வைத்து அந்த மூலையைத் தாண்டினார்கள். வழக்கு வந்தது. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்துவிட்டது. பரந்த வெளி, சுதந்திரமான வெளி என்று விளம்பரம் செய்யப்படும் ஒரு மாநிலத்தில், மக்கள் தங்கள் சொந்த நிலத்தை மிதிப்பதற்கே 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இத்தீர்ப்பை நான் மனதார வரவேற்கிறேன்.

இனி அங்கே வாழ்வதைப் பற்றி. வயோமிங்கில் குடியேறச் சொல்பவர்கள் முதலில் எடுத்துக்காட்டுவது, மாநில வருமான வரி கிடையாது என்பதைத்தான். உண்மை. ஆனால் அந்தச் சலுகையை அளித்துவந்தது நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றின் மேல் விதிக்கப்படும் வரி. அமெரிக்கா எரிக்கும் நிலக்கரியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு, பவுடர் ரிவர் படுகையின் திறந்தவெளிச் சுரங்கங்களிலிருந்து வருகிறது. 2008-இல் உச்சத்தைத் தொட்ட அந்த உற்பத்தி 2020-இல் பாதிக்கும் கீழே போய்விட்டது. எரிவாயு மலிந்துவிட்டது, காற்றாலையும் சூரிய மின்சாரமும் பெருகிவிட்டன. கிணறு வற்றத் தொடங்கும்போது குடம் தூக்கி வருகிறவரிடம், இந்தத் தண்ணீருக்குக் காசில்லை என்று மட்டும் சொல்லி அனுப்புவது நேர்மையாகாது. கெம்மரர் ஊரில் நிலக்கரி மின்நிலையத்துக்கு அருகே புதுவகை அணு உலை ஒன்றுக்கு 2024 ஜூனில் வேலை தொடங்கியிருக்கிறது, நல்ல செய்தி. ஆனால் ஓர் உலை ஒரு மாநிலத்தின் வரவுசெலவைத் தாங்காது.

வரியைவிட எனக்குக் கவலை தருவது தூரம். ராலின்ஸ் ஊர் மருத்துவமனை 2022-இல் பிரசவப் பிரிவை மூடிவிட்டது. போதிய பிரசவங்கள் இல்லாத இடத்தில் மருத்துவரையும் செவிலியரையும் இரவுபகலாக வைத்திருக்கச் செலவு கட்டுப்படியாவதில்லை. இப்போது அந்த ஊர்ப் பெண்கள் 160 கிலோமீட்டர் கிழக்கே லாரமிக்குப் போக வேண்டும். நடுவே இருப்பது அதே 80-ஆம் எண் நெடுஞ்சாலை. குளிர்காலத்தில் பனிக்காற்று லாரிகளைக் கவிழ்த்துவிடும் என்பதால் அடிக்கடி அடைக்கப்படும் சாலை. ஒன்றுமில்லை என்று பயணிகள் சலித்துக்கொண்டு கடக்கும் சாலைதான் ராலின்ஸ் பெண்ணுக்குப் பிரசவ அறைக்குப் போகும் வழி. மாநிலத்தில் மருத்துவக் கல்லூரி கிடையாது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தோடு ஏற்பாடு செய்து மாணவர்களைப் படிக்க வைக்கிறார்கள். அமெரிக்காவில் தற்கொலை விகிதம் மிகுந்த மாநிலங்களின் வரிசையிலும் வயோமிங் தொடர்ந்து இடம்பெற்றுவருகிறது. தனிமைதான் காரணம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. வீட்டுக்கு வீடு துப்பாக்கியும் இருக்கிறது. ஆனாலும் மனநல மருத்துவரைப் பார்க்க நூறு மைல் போக வேண்டிய இடத்தில் துயரம் முற்றிய பிறகே உதவி கிடைக்கிறது என்பதை யார் மறுப்பார்கள்?

பணக்காரர்கள் நிறைந்த மூலையிலும் தூரம் இருக்கிறது. அங்கே அதை ஏழைகள் சுமக்கிறார்கள். ஜாக்சன் நகரம் உள்ள டீட்டன் மாவட்டத்தில் நிலம் அநேகமாக எல்லாமே பொதுநிலம். வீடு கட்ட மிஞ்சியது சொற்பம் என்பதால் சாதாரண வீடே பத்து லட்சம் டாலரைத் தாண்டிவிடுகிறது. விடுதியில் படுக்கை விரிப்பவர், பள்ளி ஆசிரியர், உணவகத்தில் சமைப்பவர் எனப் பலர் ஐடஹோ எல்லைக்கு அப்பால் குடியிருந்து, மலைக் கணவாயைத் தினமும் கடந்து வருகிறார்கள். 2024 ஜூனில் அந்தக் கணவாய்ச் சாலையில் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. தற்காலிகப் பாதை போட்டு மூன்று வாரத்துக்குள் திறந்துவிட்டார்கள். அதுவரை அவர்கள் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் கூடுதலாகச் சுற்றினார்கள்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. விரும்பித்தானே அங்கே வாழ்கிறார்கள், வேண்டாமென்றால் பெயர்ந்து போகலாமே என்பது. பலர் விரும்பித்தான் வாழ்கிறார்கள். அந்த விருப்பத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஷோஷோனி மக்கள் தேர்ந்தெடுத்து வந்தவர்கள் அல்லர். விட்டுவைக்கப்பட்ட இடத்தில் இருக்கிறார்கள். மூன்று தலைமுறையாகக் கால்நடை வளர்ப்பவருக்கும், நகரங்களின் விளக்கு எரிவதற்காக நிலக்கரி வெட்டியவருக்கும் பெயர்ந்து போ என்பது ஒரு பதிலாகாது.

இன்னொரு மறுப்பு அரசியல் சார்ந்தது. ஆறு லட்சம் பேர்கூட இல்லாத மாநிலத்துக்கு செனட் சபையில் இருவர். ஏறத்தாழ நான்கு கோடி மக்கள் உள்ள கலிபோர்னியாவுக்கும் இருவர். இப்படிக் கூடுதல் குரல் பெற்றவர்களுக்காகப் பரிதாபப்பட வேண்டுமா என்று கேட்கிறார்கள். அந்த ஏற்றத்தாழ்வு தவறு என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் செனட்டில் உள்ள குரல் ராலின்ஸில் பிரசவ அறையைத் திறக்கவில்லை. சிலரே வாழும் இடம் நாட்டுக்கு எதுவும் தருவதில்லை என்ற முடிவும் சரியன்று. 1869 டிசம்பரில், அமெரிக்காவில் வேறு எந்த ஆட்சிப்பகுதியும் முன்வராத நேரத்தில், வயோமிங் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. பெண்கள் மிகக் குறைந்த அந்தப் பகுதிக்குக் குடும்பங்களை ஈர்க்கும் நோக்கமும் அதில் இருந்தது, இருக்கட்டும். மறு ஆண்டே எஸ்தர் ஹோபார்ட் மோரிஸ் அமைதி நீதிபதியானார். 1890-இல் மாநிலமாகச் சேர்ந்தபோதும் அந்த உரிமையை வயோமிங் விட்டுக்கொடுக்கவில்லை. 1974-இல் மக்கள் வாக்களித்து, கனிம வரியில் ஒரு பங்கைத் தொடமுடியாத நிதியாக ஒதுக்கும்படி அரசமைப்பையே திருத்தினார்கள். கைக்கு வந்ததையெல்லாம் செலவழித்துவிடாத அந்த முன்யோசனை, நிலக்கரி இறங்கிவிட்ட இன்று அவர்களைக் காப்பாற்றுகிறது.

ஆகவே போகிறவர்கள் போகட்டும். யெல்லோஸ்டோனோடு நின்றுவிடாமல் ஹார்ட் மவுண்டன் நினைவகத்தையும் விண்ட் ரிவர் நிலத்தையும் பார்த்து வரட்டும். குடியேற நினைப்பவர்கள் வீட்டு விலையைக் கேட்பதற்கு முன், பிரசவம் பார்க்கும் மருத்துவமனை எத்தனை மைல் என்று கேட்கட்டும். பிப்ரவரி மாதத்தில் ஒரு முறை போய்ப் பார்க்கட்டும். 2021-இல் யெல்லோஸ்டோனுக்கு மட்டும் 48 லட்சத்துக்கும் மேலான வருகைகள் பதிவாயின. மாநில மக்கள்தொகையைப் போல எட்டு மடங்கு. அதே ஆண்டு முதல் வயோமிங் தங்குமிடங்களுக்கு ஐந்து சதவீத வரி விதிக்கிறது. அதில் மூன்று சதவீதம் மேலும் பயணிகளை வரவழைக்கும் விளம்பரத்துக்கும் சுற்றுலா வளர்ச்சிக்கும் போகிறது. அந்த மூன்றில் ஒன்றையாவது ராலின்ஸ் போன்ற ஊர்களின் பிரசவப் பிரிவுகளுக்கும் ஆம்புலன்ஸ் சேவைக்கும் திருப்ப வேண்டும் என்பது என் கருத்து. விளம்பரம் குறைந்தால் வருகை குறையும் என்று சுற்றுலாத் துறையினர் அஞ்சலாம். யெல்லோஸ்டோன் கோடையில் வாகன நெரிசலால் திணறுகிறது. விளம்பரத்தைக் கொஞ்சம் குறைத்தால் அந்தப் பூங்காவுக்கும் நல்லதுதான்.