கொடையும் தசராவும் கொள்ளைநோய்க் காலமும்

பெருந்தொற்றுக் காலத்துத் திருவிழாவில் ஊருக்குக் கேடு இரண்டு வழியாக வருகிறது. ஒன்று அலட்சியம், மற்றொன்று பதற்றம். பார்வைக்கு ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தெரிந்தாலும் இரண்டும் மனிதரைக் கொண்டுபோய் நிறுத்துவது ஒரே இடத்தில்தான்: நெருக்கியடித்த கூட்டத்தில்.

பதற்றத்துக்குத் தமிழ்நாடு கொடுத்த விலைக்குச் சென்னைக் கோயம்பேடு சந்தை சாட்சி. 2020 ஏப்ரல் 24 அன்று ஓர் அறிவிப்பு வந்தது. சென்னை, கோவை, மதுரை மாநகரங்களில் 26ஆம் தேதி முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு. இடையில் இருந்தது ஒரே ஒரு நாள். அந்த 25ஆம் தேதி, காய்கறி கிடைக்காமல் போய்விடுமோ என்ற அச்சத்தில் மக்கள் கடைகளிலும் சந்தைகளிலும் முண்டியடித்தார்கள். அடுத்த சில நாள்களில் கோயம்பேடு சந்தையோடு தொடர்புடைய தொற்று மாவட்டம் மாவட்டமாகத் தெரியவந்தது. மே 5 முதல் சந்தையே மூடப்பட்டது. அந்த ஒரு நாள் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் நோய்க்கு அஞ்சி ஓடியவர்கள் நோயின் வழியிலேயே போய் நின்றார்கள் என்பதை யாரும் மறுக்க முடியாது. அமைதி என்பது மனத்துக்கு மட்டுமான மருந்து என்று எண்ணுவோர், அது உடம்பையும் காக்கும் என்பதை இங்கே காணலாம்.

கொரோனா கிருமி பேச்சிலும் பாட்டிலும் இருமலிலும் வெளிப்படும் நுண்துளிகளோடு காற்றில் வருகிறது. காற்றோட்டமில்லாத அறையில் அது நெடுநேரம் தங்கும். திறந்த வெளியில் விரைவில் கலைந்துபோகும். தொற்றியவருக்குக் காய்ச்சல் தொடங்க இரண்டு முதல் பதினான்கு நாள் ஆகலாம். காய்ச்சல் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே அவரிடமிருந்து பிறருக்குப் பரவத் தொடங்கிவிடும். நல்ல உடம்போடு சிரித்துக்கொண்டே வந்து இறங்கும் விருந்தாளியும் நோயைச் சுமந்து வரக்கூடும் என்பதுதான் இதன் பொருள். அதில் அவர் குற்றம் எதுவும் இல்லை.

நோய் கண்ட வீடு தன்னை ஒதுக்கிக்கொள்ளும் ஒழுங்கு தென்பாண்டிச் சீமைக்குப் புதியதல்ல. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகினார்கள். அந்த வேப்பிலையைப் பார்த்த அயலார் உள்ளே வரவில்லை. வீட்டாரும் நல்லது கெட்டதுக்கு வெளியே போகவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை வீடு தன்னைத்தானே ஒதுக்கிக்கொண்டது. அதை யாரும் அவமானமாக நினைக்கவில்லை. 2020இல் வாசலில் ஒட்டிய தனிமைப்படுத்தல் அறிவிப்பை அவமானமாக எண்ணிக் கூசியவர்கள், பாட்டி காலத்து வேப்பிலையை நினைத்துப் பார்த்திருக்கலாம்.

குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசரா இந்தப் பகுதியின் பெருவிழா. நோய் தீர வேண்டும் என்று நேர்ந்துகொண்டு காளியாகவும் குறவனாகவும் அனுமனாகவும் வேடம் புனைந்து, காப்புக் கட்டி, வீடு வீடாகக் காணிக்கை பெற்று அம்மனிடம் சேர்ப்பது அதன் வழக்கம். திசையன்விளை, உடன்குடி, சாத்தான்குளம் வட்டாரத்தில் தசராக் குழு இல்லாத ஊர் அரிது. நள்ளிரவில் கடற்கரையில் நடக்கும் சூரசம்ஹாரத்துக்கு லட்சக்கணக்கானோர் திரள்வார்கள். 2020இல் அக்டோபர் 17 அன்று கொடி ஏறியது. 26ஆம் தேதி சூரசம்ஹாரம் பக்தர் கூட்டம் இல்லாமல் எளிமையாக முடிந்தது. 2021இலும் அந்தக் கட்டுப்பாடு நீடித்தது. விரதத்தைக் கைவிடாமல் சொந்த ஊரிலேயே காப்புக் கட்டி, ஊர் அம்மன் முன்னால் அதை அவிழ்த்தவர்கள் பலர். நோய் தீர நேர்ந்துகொண்ட விழாவே நோய் பரப்பும் இடமாகிவிடக் கூடாது என்று அவர்கள் காட்டிய பொறுப்பு, பக்தியில் குறைந்ததாகாது. அதுவே பக்தியின் உயர்ந்த நிலை.

2020இல் தூத்துக்குடி பனிமய மாதா பேராலயத்தில் ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரையிலான திருவிழா மக்கள் திரள் இன்றி நடந்தது. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேர் ஓடவில்லை. திருச்செந்தூரில் நவம்பர் 20 அன்று நடந்த சூரசம்ஹாரத்தையும் பக்தர்கள் நேரில் காணவில்லை. சாமியும் மாதாவும் கோபித்துக்கொள்ளவில்லை.

இழப்பு எதுவும் இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பங்குனி, சித்திரை, ஆடி என்று, கொடை எனப்படும் ஊர்க்கோயில் விழா நடக்கும் மாதங்களை நம்பியே பிழைக்கிறவர்கள் இந்தச் சீமையில் ஏராளம். வில்லிசைக்காரர்கள், கணியான் கூத்தாடிகள், நையாண்டி மேளக்காரர்கள், கரகாட்டக் கலைஞர்கள், பந்தல் போடுவோர், மைக்செட்டும் சீரியல் விளக்கும் கட்டுவோர், பொரிகடலைக் கடைக்காரர்கள். ஒரு கொடை நின்றால் இவர்களின் பல மாதச் சாப்பாடு நிற்கிறது. கொடையை நிறுத்துவதற்கு ஊர்க்கூட்டம் போட்டவர்கள், விழாவுக்குத் திரட்டிய வரிப்பணத்தில் ஒரு பங்கை அந்த ஆண்டுக்குப் பேசியிருந்த கலைஞர்களுக்கு அனுப்பவும் அதே கூட்டத்தில் முடிவெடுப்பதே முறை. பாதுகாப்பு என்ற பெயரில் சுமை முழுவதும் ஏழையின் தோளில் இறங்கினால் அந்தப் பாதுகாப்பு நெடுநாள் நிலைக்காது. வயிறு காய்ந்தவர் எந்தக் கட்டுப்பாட்டையும் மீறித்தான் ஆகவேண்டும்.

பொங்கலைப் பொறுத்தவரை தென்மாவட்டத்து வழக்கமே துணை நிற்கிறது. வீட்டு முற்றத்தில் அடுப்புக் கூட்டி, பனையோலை எரித்து, பனங்கிழங்கும் கரும்பும் படைத்து, வெயில் படும் இடத்தில் நடக்கும் பண்டிகை அது. காற்றோட்டத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை எந்த மருத்துவரும் சொல்லிவிட முடியாது. சிக்கல் பிற்பகலில்தான் தொடங்குகிறது: மூடிய அறையில் சாப்பாடு, நெருக்கி உட்கார்ந்து தொலைக்காட்சி. அக்கா தங்கையர் வீட்டுக்குப் பொங்கல்படி கொண்டுபோகும் அண்ணன் தம்பிமார் திண்ணையில் அமர்ந்து பேசி, திண்ணையிலேயே காப்பி குடித்துத் திரும்பினால் உறவு எதுவும் குறைவதில்லை. இந்தியாவில் தடுப்பூசி போடத் தொடங்கிய 2021 ஜனவரி 16, காணும் பொங்கல் நாள். அடுத்த ஆண்டு ஒமைக்ரான் அலையில் ஜனவரி 14 முதல் 18 வரை தமிழ்நாட்டு வழிபாட்டுத் தலங்கள் பக்தர்களுக்கு மூடப்பட்டன. தைப்பூசத்துக்கு மாலையணிந்து திருச்செந்தூருக்கு நடந்தவர்களுக்கு அது மிகுந்த வருத்தம் தந்தது. மாதக்கணக்கில் விரதம் இருப்போருக்கு இத்தகைய முடிவுகள் முன்கூட்டியே தெரிவிக்கப்பட வேண்டும். கடைசி நேர அறிவிப்பே பதற்றத்தின் தாய்.

தீபாவளிக்கு ஒரு தனி எச்சரிக்கை உண்டு. கிருமிநாசினித் திரவத்தில் இருப்பது ஆல்கஹால், எளிதில் தீப்பிடிக்கும். அதைக் கையில் தடவிக்கொண்டு மத்தாப்பைப் பிடிக்கக் கூடாது. பட்டாசு வெடிக்கும் வீட்டில் கையைச் சுத்தம் செய்யச் சோப்பும் தண்ணீருமே போதும்.

சென்னையிலும் மும்பையிலும் வளைகுடா நாடுகளிலும் கடை வைத்தும் வேலை பார்த்தும் பிழைக்கும் பிள்ளைகள் பண்டிகைக்குத்தான் ஊர் திரும்புகிறார்கள். பெருந்தொற்றுக் காலத்திலும் அவர்களை வரவேண்டாம் என்று சொல்வது எளிதும் அல்ல, எப்போதும் தேவையும் அல்ல. வந்தவர் முதல் ஒரு வாரம் தனி அறையில் படுப்பதும், தாத்தா பாட்டியோடு முற்றத்தில் முகக்கவசத்தோடு பேசுவதும், காய்ச்சலோ தொண்டை வலியோ கண்டால் அன்றே பரிசோதனைக்குப் போவதும் போதுமான ஒழுங்கு. சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ள முதியவர் இருக்கும் வீட்டில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி ஒன்று இருப்பது நல்லது. அளவு 94க்குக் கீழே இறங்கினால் கஷாயம் வைத்துக் காத்திருக்கக் கூடாது, மருத்துவமனைக்குப் போகவேண்டும். விழா முடியட்டும் என்று காய்ச்சலை மறைப்பதே வீட்டு விசேஷங்களில் நடக்கும் மிகப் பெரிய பிழை.

அச்சம் முற்றினால் அது இரக்கத்தையும் தின்றுவிடும். 2020 ஏப்ரலில் தொற்றால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்யவிடாமல் ஒரு கும்பல் கல்லெறிந்தது. அதன்பின், அத்தகைய அடக்கத்தைத் தடுப்போருக்கு மூன்றாண்டு வரை சிறை என்று தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. இறந்தவருக்கு இடம் கேட்டுச் சட்டம் போட வேண்டியிருந்தது என்பதைத் தமிழ்ச் சமூகம் மறக்கக் கூடாது.

நோய் வந்த வீட்டுக்குச் சோறு கொண்டுபோய் வாசலில் வைத்தவர்களும் அதே மாதங்களில் இருந்தார்கள். பண்டிகை நாளில் தனித்திருக்கும் முதியவருக்குத் தினமும் ஒரு முறை தொலைபேசியில் பேசுவது பிள்ளைகளால் முடிந்த காரியம். வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை ஊர் முழுக்க அனுப்புமுன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்பதும் முடிந்த காரியமே. மருத்துவ ஆலோசனைக்கு 104, ஆம்புலன்சுக்கு 108, மனம் தாங்காதபோது பேசுவதற்கு 14416. மூன்று எண்களையும் பெரிய எழுத்தில் எழுதி, வீட்டில் முதியவர் கண்ணில் படும் சுவரில் ஒட்டி வைக்க வேண்டும்.