கால வழுவும் மரபு வழுவும்

அச்சன்புதூரில் கூடியிருக்கும் இக்கருத்தரங்கின் தலைமைப் பொறுப்பு, ஏற்றவருக்குப் பெருமை தந்த அளவுக்கு அச்சத்தையும் தந்திருக்கிறது. துறையின் அடிப்படைகளை அவையோர் நன்கறிவர் என்பதால், 'வீடியோ கேம்வழிப் புதினங்களில் பாத்திரத் தொடர்ச்சி' என்னும் பொதுப்பொருளுக்கு நீண்ட அறிமுகம் வேண்டியதில்லை. விளையாட்டு முதனூலாகவும், அதன் உரிமையாளரின் ஒப்புதலோடு வேறொருவர் எழுதும் புதினம் வழிநூலாகவும் நிற்க, முன்னது சொன்னதைப் பின்னது மறுக்காதிருத்தலே தொடர்ச்சி எனப்படுகிறது.

அத்தொடர்ச்சி அறுந்த இடங்களைப் பட்டியலிடுவோர் எல்லாப் பிழையையும் ஒரே தராசில் நிறுத்துவதுதான் இவ்வுரையின் மனக்குறை. வழுவை ஏழாகப் பகுத்த நம் இலக்கணம், காலம் பிறழ்ந்தால் கால வழு என்றும், யானை மேய்ப்பவனை இடையன் என்றால் மரபு வழு என்றும் வேறுபடுத்தியது. எரிக் நைலண்டின் 'ஹேலோ: தி ஃபால் ஆஃப் ரீச்' (2001) ஒரே நாளில் வீழ்த்திய ரீச் கோளை, 2010-இல் வந்த 'ஹேலோ: ரீச்' விளையாட்டு பல வாரப் போருக்குப் பின்னரே வீழ்த்தியது; இது கால வழு; அதே ஆண்டில் புதினம் சில திருத்தங்களோடு மறுபதிப்பானது. 'மாஸ் எஃபெக்ட்' வரிசையில் நேர்ந்தது வேறு. ட்ரூ கார்பிஷின் 2008-இல் எழுதிய 'அசென்ஷன்' புதினத்தில், ஜிலியன் என்னும் சிறுமி ஆட்டிசம் உடையவள். பிறர் தொடுவதையும் பேசுவதையும் அவள் எதிர்கொள்ளும் விதமே அக்கதையின் உயிர். வில்லியம் டீட்ஸ் எழுதி 2012-இல் வந்த 'டிசெப்ஷன்' புதினத்தில், வளர்ந்துவிட்ட அவளிடம் ஆட்டிசத்தின் சுவடே இல்லை; இது மரபு வழு. வாசகர் கொதித்தெழ, பதிப்பகமும் விளையாட்டு நிறுவனமும் மன்னிப்புக் கேட்டு, அடுத்த பதிப்புகளில் திருத்துவதாக அறிவித்தன.

விளையாடுபவரின் விருப்பப்படி மாறும் மாந்தருக்கு நிலைத்த குணம் ஏது என்று மதிப்புக்குரிய நண்பர்கள் சிலர் நெடுங்காலமாகக் கேட்டுவருகின்றனர். 'மாஸ் எஃபெக்ட்' விளையாட்டில் ஆடுபவர் இயக்கும் நாயகப் பாத்திரமான ஷெப்பர்டைப் பொறுத்தவரை அவர்கள் கூற்று சரியே. ஆனால் அதனாலேயே கார்பிஷின் ஷெப்பர்டை ஒதுக்கி, பிற பாத்திரங்களான ஆண்டர்சனையும் கேலி சாண்டர்ஸையும் தம் புதினங்களின் நடுவில் நிறுத்தினார் என்பதை அந்நண்பர்கள் ஏனோ கண்டுகொள்வதில்லை.

இவ்வழக்கில் யாரும் சாட்சிக்கு அழைக்காத நூல் ஒன்று தமிழிலேயே இருக்கிறது. 1950 முதல் 1954 வரை வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' தொடருக்குக் கல்கி எழுதிய முடிவுரை, பாத்திரங்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்று கேட்ட வாசகர்களுக்கு விடை கூறுகிறது. அதன் தொடர்ச்சியாக 'நந்திபுரத்து நாயகி' எழுதிய விக்கிரமனுக்கு முதனூல் இரண்டு: ஒன்று கல்வெட்டு, மற்றொன்று கல்கி. குந்தவை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்பதைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு உறுதிசெய்கிறது. வந்தியத்தேவனின் துடுக்குத்தனமோ எந்தக் கல்லிலும் இல்லை, கல்கியிடம் மட்டுமே உண்டு. போர் நடந்த ஆண்டைத் தவறவிட்ட வழிநூலைக் கல்வெட்டு காப்பாற்றிவிடும். வந்தியத்தேவனை வாய்மூடி மௌனியாக்கிய வழிநூலைக் காப்பாற்றக் கல்வெட்டாலும் ஆகாது.

ஆகவே, பிற்பகல் அமர்வில் பிழைப்பட்டியல் படிக்கப்படும்போது, ஜிலியனின் பெயரைத் தேதிப் பிழைகளுக்கும் துப்பாக்கிப் பெயர்களுக்கும் நடுவே சேர்க்காமல், மரபு வழு என்று தனித் தலைப்பிட்டே படிக்கவேண்டும் எனக் கட்டுரையாளர்களைத் தலைமை கேட்டுக்கொள்கிறது.